மாணிக்கம் தனியாக முங்கப் போனது

இராஜமாணிக்கம் கடலுக்கடியில் பார்த்த மீன்கள் வாரத்துக்கு வாரம் வளர்ந்துகொண்டே வந்தன. தைப்பொங்கலுக்கு முன்னால் முழங்கை நீளம் இருந்த ஒரு மீன், பொங்கல் முடிந்த கையோடு ஆள் நீளமாகி, மாசி பிறந்தபோது துரையின் காரையே விழுங்குகிற அளவுக்கு வந்துவிட்டது. கல்லுமலை ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களில் அதை யாரும் குறை சொல்லவில்லை. மலாயாவில் வெள்ளைக்காரன் அவசரகாலச் சட்டம் போட்டதிலிருந்து லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி. சாயங்காலம் ஆனால் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். வேலிக்குள் அடைந்து கிடக்கிற ஜனங்களுக்கு வெளியிலிருந்து ஒரு பெரிய மீன் வந்தால் வேண்டாம் என்றா சொல்வார்கள்?

மாணிக்கம் தோட்டத்து மேனேஜரான பெரிய துரையின் கார் டிரைவர். அந்தத் துரைக்கு ஒரு பைத்தியம் இருந்தது. காற்று அடைத்த இரும்பு உருளையை முதுகில் கட்டி, அதிலிருந்து வருகிற குழாயை வாயில் கவ்விக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை தோறும் போர்டிக்சன் கடலில் முங்குவார். இதற்காகச் சீமையிலிருந்து இரண்டு செட்டு தருவித்திருந்தார். ஒரு ஆளுக்கு இரண்டு எதற்கு என்றால், முங்குகிற வித்தையில் முதல் விதியே தனியாக இறங்கக் கூடாது என்பதுதான். அடியில் ஒருவனுக்கு மூச்சு முட்டினால் மற்றவன் இழுத்துக்கொண்டு மேலே வரவேண்டும். துரை மற்ற தோட்டத்துத் துரைமாரைக் கூப்பிட்டுப் பார்த்தார். அவர்களுக்கெல்லாம் கிளப்பில் உட்கார்ந்து முங்குகிற பானமே போதுமாக இருந்தது. கடைசியில் துணைக்கு டிரைவர்தான் கிடைத்தான்.

இத்தனை கதை சொன்ன மாணிக்கம் ஒரு சங்கதியை மட்டும் சொல்லாமல் விட்டான். தண்ணீருக்குள் தலை போனதும் அவன் துரையின் கையைப் பிடித்துக்கொள்வான். தேர்க்கூட்டத்தில் தாயின் முந்தானையைப் பிடிக்கிற பிள்ளைக்குக்கூட அவ்வளவு பிடி இருக்காது. மேலே வருகிறவரை விடமாட்டான். ஒரே ஒரு தடவை, பவளப் பாறையில் ஒட்டியிருந்த எதையோ காட்டுவதற்காகத் துரை கையை உருவிக்கொண்டார். அவர் காட்டி முடிப்பதற்குள் மாணிக்கம் தன் கருமாதி வரைக்கும் பார்த்துவிட்டான். அவனுக்கு நீச்சல் வேறு தெரியாது.

அதற்காக அவனுக்கு அது பிடிக்கவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். ரொம்பப் பிடித்திருந்தது. மேலே எந்த ரோட்டில் போனாலும் தடுப்புப் போட்டு நிறுத்துவார்கள், அடையாளக் கார்டைக் கேட்பார்கள், கார் மெத்தையைத் தூக்கிப் பார்ப்பார்கள். கடலுக்கடியில் ஒரு தடுப்பு கிடையாது. வாயில் குழாய் இருப்பதால் துரையாலும் அதட்ட முடியாது. அங்கே அவன் யாருக்கும் டிரைவர் இல்லை. அந்தச் சந்தோஷத்தை உள்ளபடி சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை, அதனால்தான் மீனை நீட்டினான் என்று நினைக்கிறேன்.

அவன் பெண்டாட்டி பெயர் பஞ்சாலை, ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகவில்லை. அவன் கதை சொல்லும்போதெல்லாம் கன்னத்தில் கை வைத்துக் கேட்பாள். அந்தக் கன்னத்துக் கைக்காகவே அவன் மீன்களுக்கு இன்னும் கொஞ்சம் தீனி போட்டு வளர்த்தான்.

மாசிமகத்துக்குத் தோட்டத்து மாரியம்மனைப் போர்டிக்சன் கடலுக்குக் கொண்டுபோய்த் தீர்த்தமாட்டி வருவது வழக்கம். மூலவர் அம்மன் கோயிலிலேயே இருப்பாள், வெளியே போவது சின்ன ஐம்பொன் அம்மன். அவசரகாலத்தில் இதற்குப் போலீஸ் அனுமதி வேண்டும். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதுகிற பெரிய கிராணி குலசேகரம் யாழ்ப்பாணத்துக்காரர், ஆங்கிலம் நன்றாகப் பேசுவார். சிரம்பானுக்கு நடையாய் நடந்து அனுமதி வாங்கி வந்தார். இரண்டு நிபந்தனைகள். ஊரடங்கு தொடங்குவதற்குள் எல்லோரும் கேட்டுக்குள் இருக்க வேண்டும். ஒரு பிடி சோறுகூட வெளியே கொண்டுபோகக் கூடாது, காட்டில் ஒளிந்து சண்டை போடுகிற கம்யூனிஸ்டுகள் கைக்குப் போய்விடுமாம். ஆகவே விடிவதற்கு முன்பே கோயிலில் பொங்கலைப் படைத்து, நின்ற இடத்திலேயே தின்றுவிட்டுக் கிளம்புவார்கள். காலையிலேயே அம்மனைக் கடலில் முக்கி எடுத்து, மறுபடி பசி எடுப்பதற்குள் திரும்பிவிடுவார்கள். இந்தச் சட்டம் வந்த நாளாகத் தோட்டத்து ஜனங்கள் கடலைக் காலையில் மட்டுமே பார்த்திருக்கிறார்கள் என்பதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த வருஷம் துரை ஏதோ கூட்டத்துக்குக் கோலாலம்பூர் போயிருந்தார். போகும்போது அம்மனுக்குத் தன் காரைக் கொடுத்துவிட்டுப் போனார். முன் ஸீட்டில் கிராணி, பின்னால் மடியில் அம்மனோடு பூசாரி நல்லசாமி. ஜனங்களுக்கு லாரிகள். கேட்டில் ஸ்பெஷல் கான்ஸ்டபிள் முனியாண்டி காரை நிறுத்திப் பின்பக்கத்தைத் திறக்கச் சொன்னான். துரை உள்ளே இருந்தால் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டான். துரை இல்லாத நாளில்தானே அதிகாரத்தை வெயிலில் காயப் போட முடியும்?

"இது என்னாடா டின்னு, இம்மாம் பெருசா?"

"காத்து டின்னுலா. துரையோடது. போன வாரம் மழை, முங்கல. அப்படியே ரொம்பிக் கெடக்கு."

"ஓட்ட போடலையே?"

மாணிக்கத்துக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. கடையில் பால் டின்னோ மீன் டின்னோ வாங்கினால் கடைக்காரன் ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று சட்டம். ஓட்டை போட்ட டின் கெட்டுப்போகும், காட்டில் பதுக்க முடியாது.

"டின்னுன்னா ஓட்ட போட்டுத்தான் வெளிய போவணும். ஆர்டர். இரு, ஆணி எடுத்தாறேன்."

முன் ஸீட்டிலிருந்து கிராணி தலையை நீட்டினார். "இஞ்சை பாரும் முனியாண்டி, அதுக்குள்ள இருக்கிறது காத்து. காத்தைத் திண்டு உயிர் வாழுறவன் காட்டுக்குள்ள ஒருத்தனும் இல்லை. கேட்டைத் திறவும்."

முனியாண்டி கொஞ்சம் யோசித்துவிட்டுத் திறந்தான்.

போர்டிக்சனில் கடல் நிறைந்து ததும்பிக்கொண்டிருந்தது. பௌர்ணமிக் கடல், சவுக்கு மரங்களின் காலடி வரைக்கும் வந்து தொட்டுவிட்டுப் போனது. நல்லசாமி அம்மனை மஞ்சள் துணியில் ஏந்தி, மார்பளவு தண்ணீருக்குப் போனார். பெண்கள் குலவையிட்டார்கள். அவர் முதல் முழுக்குக்காகக் குனிந்த நேரம் பார்த்து, ரோந்துப் படகு ஒன்று கொஞ்சம் தள்ளி வேகமாக ஓடியது. அதன் அலை வந்து பூசாரியைத் தூக்கிப் போட்டது. அவர் மறுபடி எழுந்து நின்றபோது கையில் மஞ்சள் துணி மட்டும் இருந்தது.

கரை முழுக்க அலறல். ஆண்கள் கழுத்தளவு வரை இறங்கிக் காலால் துழாவினார்கள். எங்கே விழுந்தது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பக்கம் கையைக் காட்டினார்கள். தண்ணீர் கலங்கல், அடியெல்லாம் கல். அதற்கு மேல் போக நீச்சல் தெரிந்தவன் ஒருவன் இல்லை. ரப்பர் மரத்துக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவன் எங்கே நீந்துவான்?

நல்லசாமி ஈர வேட்டியோடு மணலில் உட்கார்ந்துவிட்டார். டீ வாங்கிக் கொடுத்தார்கள், தொடவில்லை. "அம்மா இல்லாம நான் கேட்டுக்குள்ள வரமாட்டேன். நீங்க போங்க," என்றார். ஊரடங்கு நேரத்தில் வெளியே இருக்கிற ஆளைச் சுட்டாலும் ஏனென்று கேட்க நாதியில்லாத காலம் அது. கிராணிக்கு முகம் வெளுத்துவிட்டது.

களையெடுக்கிற தாயம்மாவுக்கு எப்போதுமே வாய் கொஞ்சம் முன்னால் போகும். "ஏன் அழுவுறீங்க? நம்ம மாணிக்கம் இருக்கான்ல?" என்றாள்.

கரையிலிருந்த தலை அத்தனையும் திரும்பியது. காருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள மாணிக்கத்துக்கு நேரம் போதவில்லை.

"இருக்கேன்," என்றான். வேறு என்ன சொல்வான்? "ஆனா அதுல ஒரு சட்டம் இருக்கு. தனியா எறங்கக் கூடாது. ரெண்டு பேருதான் எறங்கணும். துரை கண்டிசனா சொல்லிருக்காரு. இன்னொரு செட்டு இருக்கு, ஆளுதான் வேணும். யாரு வர்றா?"

இப்படிக் கேட்டதும் தோட்டத்தில் இத்தனை நோயாளிகளா என்று ஆகிவிட்டது. ஒருத்தனுக்குக் காதில் சீழ், ஒருத்தனுக்கு முதுகுப் பிடிப்பு, ஒருத்தன் பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுப்பதாக இருக்கிறான். கிராணி தனக்கு இழுப்பு வருத்தம் என்று நெஞ்சைத் தடவிக் காட்டினார். நல்லசாமி மட்டும் எழுந்தார். "தொலைச்சது நான். நான் வர்றேன் தம்பி." குழாயை வாயில் வைத்துக் கொடுத்தார்கள். தரையிலேயே அவருக்குக் கண் பிதுங்கி, முகம் நீலம் பாரித்துவிட்டது. பிடுங்கிப் போட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்து அழுதார். அவர் அழுததை மாணிக்கத்தால் பார்க்க முடியவில்லை. அவன் கல்யாணத்துக்குத் தாலி எடுத்துக் கொடுத்தவர் அவர்.

ஆக, போனால் தனியாகத்தான் போக வேண்டும்.

மாணிக்கம் யோசிக்க வேண்டும் என்று சொல்லி, ஒரு சவுக்கு மரத்தடியில் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். கடலைப் பார்த்துக்கொண்டு யோசிக்க முடியாது. யோசனை ஒரே வட்டத்தில் சுற்றியது. இறங்கினால் சாவு. கையைப் பிடிக்க ஆள் இல்லாமல் அந்தக் கலங்கலுக்குள் எது மேல், எது கீழ் என்றே தெரியாது. இறங்காவிட்டால், இத்தனை நாள் வளர்த்த மீன்கள் அத்தனையும் ஒரே நாளில் கருவாடாகிவிடும். நாளைக் காலைப் பிரட்டுக் களத்தில் ஆள் எண்ணும்போது ஒவ்வொருத்தன் வாயிலும் அந்தக் கருவாட்டு வாடைதான் அடிக்கும். பஞ்சாலை இனிமேல் கன்னத்தில் கை வைப்பாளா?

ஒரு வழி இருந்தது. பஞ்சாலை ஓடி வந்து, "போகாதீங்க மாமா, என் தலைமேல அடிச்சு சத்தியம்!" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெண்டாட்டி தடுத்துவிட்டாள் என்று கௌரவமாக எழுந்து வேட்டியைத் தட்டிக்கொள்ளலாம். அவன் அவளைப் பார்த்தான். அவள் மணலில் கால் நீட்டிக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் இருமினான். அவள் திரும்பினாள்.

"நல்லா யோசிங்க மாமா. அவசரமில்ல," என்றாள்.

அவசரமில்லையாம்! மாணிக்கத்துக்கு ஆத்திரமாக வந்தது. புருஷன் கடலுக்குள் போகப் போகிறான், இவள் புளியங்கொட்டை ஆடுகிற மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். துக்கமாகவும் இருந்தது. இவளை நம்பியா இத்தனை நாள் வாழ்ந்தோம் என்று நினைத்தான்.

அவன் முகக் கண்ணாடியைத் துடைத்தான். துரை செய்வதுபோல உள்ளே துப்பித் தேய்த்துக் கழுவினான். காயட்டும் என்று கிளையில் தொங்கவிட்டான். வாரையெல்லாம் அவிழ்த்து மறுபடி கட்டினான். ராகுகாலம் எப்போது என்று விசாரித்தான். அது முடிந்ததும் எமகண்டம் எப்போது என்றான். ஜனங்கள் குறுக்கே பேசவில்லை. அவனைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து, மரியாதையாக, அவன் கையையும் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாராவது "நேரமாவுதே" என்று முணுமுணுத்தால் பஞ்சாலை, "அவர யோசிக்க வுடுங்கலா," என்று அடக்கிவிட்டாள். அது அவனுக்கு இன்னும் எரிந்தது. கொஞ்சம் தள்ளி வலை பின்னிக்கொண்டிருந்த மலாய்க்கார மீனவர் ஒருவர் இந்தக் கூட்டத்தைப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். அவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வெயில் உச்சிக்கு வந்து சாயத் தொடங்கியது. கிராணி வந்து குனிந்து, "தம்பி, நேரம் போகுது. லொறிக்காரர் கத்துறாங்கள். என்ன முடிவு?" என்றார்.

மாணிக்கம் நல்லசாமியைப் பார்த்தான். வேட்டி உடம்பிலேயே காய்ந்துவிட்டது. மஞ்சள் துணியை மடியில் வைத்து, அதற்குள் இன்னும் ஏதோ இருக்கிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்திருந்தார். இந்த மனிதரை இங்கே விட்டுவிட்டு லாரி ஏறிப் போய், இரவில் சோறு இறங்குமா? இறங்காது. அதைவிடக் கடலில் இறங்குவது தேவலை என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. தோன்றியதும் கை கால் நடுங்க ஆரம்பித்தது. நடுங்கிக்கொண்டே எழுந்தான். உருளையை முதுகில் கட்டினான். தவளைக்கால் போன்ற அந்த ரப்பர் செருப்பை மாட்டினான். கூட்டமும் எழுந்தது.

"எறங்குறேன்," என்றான். குரல் உடைந்தது. "அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும். பொய்யோட போய்ச் சேரக் கூடாது பாருங்க. நான் ஒரு நாளும் தனியா முங்குனது கெடையாது. எனக்கு நீச்சல் தெரியாது. உள்ள போனா மேல வர்ற வரைக்கும் துரை கையப் புடிச்சுக்கிட்டேதான் இருப்பேன். அந்த மீனெல்லாம் இவ்வளவுதான்." விரலால் அளவு காட்டினான். "எனக்குப் பயமா இருக்கு. இருந்தாலும் பூசாரிக்காக எறங்குறேன். அவ்வளவுதான்."

பூமி பிளந்து தன்னை விழுங்கும் என்று அவன் காத்திருந்தான். பூமிக்கு வேறு வேலை இருந்தது. தாயம்மா மூக்குத்தியைத் திருகிக்கொண்டு, "தெரியும்லா," என்றாள்.

"என்னா தெரியும்?"

"கையப் புடிக்கிற சங்கதி. துரை வூட்டுக் குசினில சமைக்கிறவன் போன வருசமே சொல்லிட்டான். நீ புடிச்ச புடில துரைக்குக் கை வீங்கிப் போயி, ஞாயித்துக்கெழமையானா தைலம் தேச்சு வுடச் சொல்லுவாராம்."

கூட்டத்தில் அங்கங்கே தலைகள் ஆடின. கிராணி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். அவருக்கும் தெரிந்திருந்தது.

மாணிக்கம் தாயம்மா பக்கம் திரும்பினான். "தெரிஞ்சுக்கிட்டுத்தான் என்னைய எறங்கச் சொன்னீங்களா?"

"எங்கடா எறங்கச் சொன்னோம்? நீ இருக்கேன்னு சொன்னோம். நீ முடியாதும்பே, வேற வழி பாக்கலாம்னு நெனச்சோம். நீ பாட்டுக்குக் கண்ணாடியத் தொடச்சுக்கிட்டே இருந்தே. மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றதுன்னு நாங்களும் வாய மூடிக்கிட்டு இருந்தோம்."

உலகத்தில் ஒரு மனிதனை மரியாதை கொடுத்தே கொல்ல முடியும் என்று மாணிக்கத்துக்கு அன்றுதான் தெரிந்தது.

அப்போது பஞ்சாலை எழுந்தாள். சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் சொருகினாள். கீழே கிடந்த இரண்டாவது உருளையைத் தூக்கித் தண்ணீர்க் குடம் மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "ரெண்டு பேருதான் எறங்கணும்னீங்களே. வாங்க, போவோம்," என்றாள்.

"உனக்கென்னா பைத்தியமாடி?"

"மொதல்ல திரும்பிப் பாருங்க."

மாணிக்கம் திரும்பினான். கூட்டமும் திரும்பியது. காலையிலிருந்து அவன் கடலைப் பார்க்கவில்லை, அவர்கள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்ததில் கடலைப் பார்க்கவில்லை. சவுக்கு மரம் வரை ததும்பிய தண்ணீரைக் காணோம். வெகுதூரம் வரைக்கும் ஈரமணல் பளபளத்தது. நண்டுகள் நிம்மதியாக உலாவிக்கொண்டிருந்தன. நல்லசாமி மார்பளவில் நின்ற இடத்தில் ஏதோ ஓடை மாதிரித் தண்ணீர் கிடந்தது. வலை பின்னுகிற மீனவர் இப்போது வாய்விட்டே சிரித்தார்.

"எப்பலேருந்து வத்துது?" என்றான் மாணிக்கம்.

"நீங்க கண்ணாடியத் தொடைக்க ஆரம்பிச்சதுலேருந்து."

"அப்பவே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்னா?"

பஞ்சாலை கொஞ்சம் தயங்கினாள். "நீங்க என்னா முடிவு பண்ணுறீங்கன்னு பாக்கணும்போல இருந்துச்சு," என்றாள். "தண்ணி வத்துறதுக்கு முன்னாடியே போறேன்னு கெளம்பியிருந்தா கையக் கட்டிப் போட்டிருப்பேன். அந்த மீனெல்லாம் எவ்வளவு இருந்தா எனக்கென்னா மாமா? நடுங்கிக்கிட்டே எந்திரிச்சீங்களே, அதுதான் எனக்குப் பெருசு." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்ததை மாணிக்கம் பார்த்துவிட்டான். காலையிலிருந்து அவள்மேல் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

அவள் காலியான கையை நீட்டினாள். அவன் பிடித்துக்கொண்டான். ஆறு மாதப் பிள்ளைகூடத் தவழ்ந்து போகக்கூடிய அந்தக் கடலுக்குள் இருவரும் நடந்தார்கள். அவன் முதுகில் ஒரு உருளை, அவள் இடுப்பில் ஒன்று. ரப்பர் செருப்பு சேற்றில் சளக் சளக் என்று அடித்தது. முதுகு உருளையை இறக்கிவிட்டுப் போகலாம் என்று இருவருக்குமே தோன்றவில்லை. ஓடைக்குள் இறங்கியபோது தண்ணீர் முழங்காலைத் தாண்டவில்லை, ஆனால் கலங்கல். காலில் தட்டியதெல்லாம் கல்லாக இருந்தது.

மாணிக்கம் கண்ணாடியை மாட்டி, குழாயைக் கவ்வி, குப்புறப் படுத்தான். வயிறு மணலில் உரசியது, முதுகு வெயிலில் காய்ந்தது. பஞ்சாலை அவன் கையை விடாமல், குனிந்தபடி கூடவே நடந்தாள். தலை மட்டும் தண்ணீருக்குள் இருந்தது, அதற்கே நெஞ்சு படபடவென்று அடித்தது. பாசி, கல், ஒரு ஓட்டைச் சட்டி. அப்புறம் பச்சைக் கலங்கலுக்குள் ஒரு மஞ்சள் மினுக்கம். அம்மன் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கிரீடத்தின்மேல் குட்டி நண்டு ஒன்று குடியேறியிருந்தது. அதைத் தள்ளிவிடக்கூட அவனுக்கு மனம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். குழாயைக் கவ்விய வாயோடு ஏதோ கத்தினான். பஞ்சாலைக்கு ஒன்றும் விளங்கவில்லை, அவளும் கத்தினாள்.

கரையில் எழுந்த குலவை போர்டிக்சன் பாசார் வரைக்கும் கேட்டிருக்கும். நல்லசாமி தண்ணீருக்குள் ஓடி வந்து, அம்மனை வாங்கிக்கொள்ள வேண்டியவர், மாணிக்கத்தைக் கட்டிக்கொண்டார். விட்டுப்போன முழுக்குகளை அந்த முழங்கால் தண்ணீரிலேயே போட்டு முடித்தார்கள்.

லாரிகள் முன்னால் போய்விட்டன. நல்லசாமியும் அம்மனும் பஞ்சாலையும் பின்னால் இருக்க, மாணிக்கம் கிராணியோடு காரை ஓட்டிக்கொண்டு தோட்டத்துக் கேட்டை அடைந்தபோது வெயில் இன்னும் மிச்சமிருந்தது. முனியாண்டி ஓடி வந்து, துரைக்கு அடிக்கிற மாதிரி சல்யூட் அடித்தான்.

"லாரில வந்தவனுங்க எல்லாஞ் சொன்னானுங்கடா! பனமர ஆழமாம்! ஒரு சுறா அம்மன் மேல படுத்திருந்துச்சாமே? நீ ஒத்த ஆளா எறங்கி அதோட வால முறுக்கி வுட்டியாமே?"

மாணிக்கம் எஞ்சினை நிறுத்தினான். இவ்வளவு நல்ல மீன் தானாகத் தேடி வந்து மடியில் விழுந்தது அவன் வாழ்க்கையில் முதல் தடவை. அவன் வேண்டாம் என்று தலையசைத்தான்.

"அதெல்லாம் இல்ல முனியாண்டி. முழங்கால் தண்ணி. சுறாவுமில்ல ஒண்ணுமில்ல. ஒத்தையாவும் போகல. பஞ்சாலையும் ஒரு டின்ன இடுப்புல வெச்சுக்கிட்டுக் கூட வந்தா. அவ கையப் புடிச்சுக்கிட்டுத்தான் நான் முங்குனேன்."

முனியாண்டி அவனை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு துப்பாக்கி தோளிலிருந்து நழுவி விழும் அளவுக்குச் சிரித்தான். "சேல கட்டுன பொம்பள, டின்ன இடுப்புல வெச்சுக்கிட்டு, கடலுக்கு அடில நடந்தாளா? இதுநாள் வரைக்கும் நீ வுட்டதுலயே இதுதான்டா பெரிய புளுகு!"

"அம்மன் மேல சத்தியமா! பூசாரி, நீங்க சொல்லுங்க."

நல்லசாமி அம்மனை அணைத்தபடி தூங்கிப்போயிருந்தார். கிராணி கைக்கடிகாரத்தைத் தட்டி, கேட்டைத் திறக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். மாணிக்கம் கடைசி நம்பிக்கையாகப் பின்னால் திரும்பினான்.

"நீயாவது சொல்லுடி. நீ வந்தியா இல்லையா?"

பஞ்சாலை கன்னத்தில் கை வைத்துக்கொண்டு முனியாண்டியைப் பார்த்தாள். ஈரச் சேலையிலிருந்து உப்புத் தண்ணீர் துரையின் ஸீட்டில் ஊறிக்கொண்டிருந்தது.

"நான் எங்கண்ணே போனேன்? கரையிலதான் நின்னேன்," என்றாள். "அவருதான் தனியா போனாரு."